கத்தரி படாத ரோமம்

கத்தரிக்கோல் வெறுங்காற்றை வெட்டும் சத்தம் ஒன்று உண்டு. முடி வெட்டுகிறவர்கள் ஒரு பிடியை வெட்டி முடித்து அடுத்த பிடியைச் சீப்பில் அள்ளுவதற்குள், கை சும்மா இருக்க மாட்டாமல் காற்றை வெட்டுவார்கள். கிறிச், கிறிச். கொச்சியில் சுள்ளிக்கல் என்ற இடத்தில் இப்போது நாங்கள் இருக்கும் மாடிக்குக் கீழே ஒரு சலூன். சாயாவுக்குப் பால் வைக்கிற நேரத்தில் அந்தச் சத்தம் படியேறி வந்துவிடும். பால் பொங்கிக்கொண்டிருக்கும், நான் அடுப்பைப் பார்க்காமல் ஒரு பசுவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கழுத்தின்மேல் குனிந்திருக்கும் சேச்சியின் தலையை, நடு வகிட்டில் ஏறிய நரையை, காதோரம் துளிர்த்த வியர்வையை.

அப்போது நாங்கள் மட்டாஞ்சேரியில் இருந்தோம். பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய இஞ்சிக் கிடங்கு, அதன் பின்கட்டில் எங்கள் வீடு. கிடங்கு மூடிப் பல காலம் ஆகியும் சுவர் இஞ்சியை மறக்கவில்லை. மழை பெய்தால் சுவரெல்லாம் சுக்குக் காப்பி மணக்கும். பக்கத்து மாடியில், நான் அக்கா என்ற அர்த்தத்தில் சேச்சி என்று கூப்பிட்டவள் தனியாக இருந்தாள். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் அவளுக்கு வேலை. அவள் பேசியது மலையாளம்தான். என் காதுக்குள் வந்து உட்காரும்போது பாதி தமிழாகிவிடும். இங்கே நான் எழுதுவது அந்தப் பாதிப் பேச்சு.

அவள் வாயில் எப்போதும் ஒரு சொல் இருந்தது. "பாடில்லா." கூடாது என்று அர்த்தம். நாம் கூடாது என்று சொல்லும்போது அதில் எங்கோ ஒரு இடுக்கு இருக்கும், கெஞ்சினால் திறக்கும். சேச்சியின் பாடில்லாவில் இடுக்கே கிடையாது. சில்லறை இல்லாமல் ஜன்னலுக்கு வரப் பாடில்லா. சாயா குடித்த டம்ளரை வெறும் தரையில் வைக்கப் பாடில்லா. செருப்பு ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே பார்த்துக் கிடக்கப் பாடில்லா. என் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைக்கூடக் குனிந்து நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. சொந்த ஊரை விட்டு வந்தவளுக்கு எல்லாமே வழவழவென்று இருக்கும். இங்கே எதைப் பிடித்து நிற்பது என்று தெரியாது. சேச்சியைப் பிடித்து நின்றேன். அவள் எங்கே நேற்று நின்றாளோ அங்கேயே இன்றைக்கும் நிற்பாள் என்று இருந்தது.

தன் தம்பியைப் படகிலிருந்து இறக்கிய கதையை அவளே எனக்குச் சொன்னாள். அவன் பெண் பார்க்கப் போகிறவன். புது வேட்டி, மல்லிகை சென்ட், கையில் பலகாரப் பெட்டி. டிக்கெட் எடுக்காமல் ஓடிப்போய்ப் படகில் ஏறிக்கொண்டான். இவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்து, அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டச் சொல்லி, அத்தனை பேர் பார்க்க அவனை இறக்கி வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். படகு போய்விட்டது. பெண் வீட்டுக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"உங்க தம்பி கோவிச்சுக்கலையா?" என்று கேட்டேன்.

"கோவம் அவன் இஷ்டம். டிக்கெட் என் ஜோலி" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வரிசைக் கடைசியில் பலகாரப் பெட்டியோடு நின்றவனைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எங்களிடம் ஒரு பசு இருந்தது. கல்ஃபுக்குப் போன ஒரு வாடிக்கையாளர் எங்கள் காய்கறிக் கடையில் கன்றாக விட்டுப்போனது. "கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கோங்க" என்று சொன்னவர் திரும்பி வந்தபோது அது எங்களுடையதாகிவிட்டிருந்தது. வெச்சூர் இனம். வளர்ந்த பிறகும் என் இடுப்புக்குத்தான் வந்தது. உடம்பு முழுக்க ஒரே நிறம், பால் சேர்க்காத சாயாவை வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெரிகிற கருஞ்சிவப்பு. இங்கே அந்தச் சாயாவைக் கட்டன் என்பார்கள், அதனால் பசுவுக்கும் கட்டன் என்று பெயர். கடையில் மீந்த முட்டைக்கோஸ் இலை, வெள்ளரித் தோல், இவர், என் கணவர், இடக்கொச்சிப் பக்கமிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் புல். கிணற்றடிதான் அதன் உலகம்.

வேலை முடிந்து வருகிற சேச்சி தன் மாடிக்கு ஏறுமுன் கிணற்றடிக்கு வருவாள். தேங்காய் நாரைப் பந்தாகச் சுருட்டிக் கட்டனைத் தேய்ப்பாள். கழுத்திலிருந்து வயிற்றுக்கு, முதுகிலிருந்து வாலுக்கு.

"ரோமத்துக்கு ஒரு ஒழுக்கு உண்டு மோளே. ஆத்துக்கு இருக்கிற மாதிரி. எதிர்த்துத் தேய்க்கப் பாடில்லா."

மோளே என்றுதான் என்னைக் கூப்பிடுவாள், மகளே என்று. அவள் காலடி கேட்டாலே கட்டன் எழுந்துவிடும். இவர் என்னிடம் சொல்வார்: "சேச்சி வந்தா மாடு எந்திருச்சு நிக்குது. நான் வந்தா நீகூட எந்திரிக்க மாட்டேங்கிற."

"நீங்களும் தேங்கா நாரோட வாங்க" என்பேன். சேச்சி நாரைக் கையில் பிடித்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

வீட்டுச் சொந்தக்காரர், நாங்கள் இக்கா என்று கூப்பிடுகிறவர், கிடங்கின் முன்பக்கத்தை ஹோம்ஸ்டே ஆக்கத் தொடங்கியது அந்த வருஷம்தான். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள், பின்கட்டில் சாணி மணக்கக் கூடாது, பசுவை எங்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். எங்களை அவர் போகச் சொல்லவில்லை. கட்டனைத்தான் சொன்னார். அதைக் கேட்டுச் சேச்சிதான் இறங்கி வந்தாள்.

"இக்கா, இது சும்மா பசு அல்ல. வெச்சூராணு. சாயிப்புமார் போட்டோ எடுக்க வரிசையில நிக்கும்."

"வெச்சூருன்னு நீ சொன்னா போதுமா? ஆடு மாதிரி இருக்கு" என்றார் இக்கா.

"யாரு சொல்லணும்?"

"பிரதர்சனத்துல ஒரு ரிப்பன் வாங்கிட்டு வாங்க. ரிப்பனைக் கண்ணாடி போட்டு முன்னாடி மாட்டுறேன். பசு பின்னாடி நிக்கட்டும். ரிப்பன் இல்லேன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

பிரதர்சனம் என்றால் மாட்டுக் கண்காட்சி, ஜெயித்த மாட்டுக்கு ரிப்பன் கட்டுவார்கள். இடக்கொச்சியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், மழை விட்டதும் நடக்கும். மாடு வளர்க்கிறவர்கள் சேர்ந்து நடத்துவது. சேச்சியிடம் மாடு கிடையாது, மாடி வீட்டில் எங்கே கட்டுவாள், ஆனால் வருஷா வருஷம் மைக்கைப் பிடித்து விதிகளைச் சொல்வது அவள்தான். காகிதம் பார்க்க மாட்டாள். எல்லாம் மனப்பாடம். அன்றிலிருந்து கிணற்றடி எங்களுக்கு வகுப்பறை ஆயிற்று. குளிப்பாட்டலாம், சாயம் பாடில்லா. குளம்பை ராவலாம், கொம்புக்கு மெருகு பாடில்லா. எண்ணெய் தொட்டுத் தடவலாம், வழிய விடப் பாடில்லா.

மழையில் கட்டனின் அடிவயிற்று ரோமம் நீண்டு, மங்கி, திரிதிரியாக ஒட்டிக்கிடந்தது. ஒருநாள் இவர் யாரிடமோ இரவல் வாங்கிய டிரிம்மரைக் கொண்டுவந்து, "சேச்சி, நம்ம கட்டனுக்கு ஒரு சம்மர் கட் போட்டுரலாமா?" என்று கேட்டார்.

சேச்சி திரும்பிப் பார்த்த பார்வையில் டிரிம்மர் தானாக அணைந்துவிடும் போலிருந்தது.

"அது கலப்பினப் பசுவுக்கு. அதுக்கு மடி ரோமம் எடுக்கலாம், எடுக்கணும். பால் நரம்பு தெரிஞ்சாத்தான் மார்க். நாட்டுப் பசுவுக்கு ரோமத்தோட நிறம்தான் சாட்சி. எங்கயாவது வெட்டியிருந்தா, என்னத்தை மறைச்சேன்னுதான் முதல்ல கேட்பாங்க."

"நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு சேச்சி?"

"மறைக்க ஒண்ணும் இல்லாத ஆளும் கத்தரி எடுக்கப் பாடில்லா."

இவர் டிரிம்மரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, எனக்காவது வெட்டிக்கிறேன்" என்று போனார். பிறகு சேச்சி ஒரு வாரம்போல உட்கார்ந்து, ஒவ்வொரு திரியாகப் புன்னை எண்ணெய் தொட்டு விரலால் பிரித்தாள். ஒரு ரோமம் அறவில்லை. விளக்கு வைத்த பிறகும் அவள் முதுகு கிணற்றடியில் வளைந்திருக்கும். எனக்கு வேலைக்குப் போகிற அம்மா ஒருத்தி கிடைத்த மாதிரி இருந்தது. சொல்லியதில்லை. சொல்லாததில் இப்போது ஒரு சின்ன நிம்மதி.

மைதானத்துக்குக் காலையிலேயே போய்விட்டோம். குழாயடியில் கட்டனுக்குக் கடைசிக் குளியல். சேச்சி சோப்பு போட்டாள். மழைக்காலத் தொடக்கத்தில் கயிறு கிணற்றுக் கட்டையில் சிக்கி கட்டனின் கழுத்தில் ஒரு புண் வந்திருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து நாங்கள் விடாமல் பூசியதில் புண் ஆறி, அதன்மேல் ரோமமும் வந்துவிட்டது. பழக்கத்தில் பூசிக்கொண்டே இருந்தோம். அந்தக் காலையில் சோப்பு நுரை மஞ்சளையெல்லாம் வழித்துக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது, அங்கே முளைத்திருந்த ரோமம் வெள்ளை. சுண்ணாம்பு தொட்ட பெருவிரலை வைத்து எடுத்த மாதிரி, அத்தனை கருஞ்சிவப்பின் நடுவே ஒரு வெள்ளைத் தீற்று.

சேச்சிதான் முதலில் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து எனக்குத் தெரிந்தது, பிறகுதான் கழுத்தைப் பார்த்தேன். வெச்சூரில் வெள்ளைத் திட்டு என்றால் கலப்பு என்பார்கள், வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்கள். இவரை இன்னொரு வாளி தண்ணீருக்கு அனுப்பினாள். கைப்பையைத் திறந்தாள். டிக்கெட் கட்டின் சணலை வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் அதில் எப்போதும் கிடக்கும்.

"சேச்சி, அது..." என்றேன்.

"மிண்டாதே மோளே."

பேசாதே என்கிறாள். கிறிச், கிறிச். பாதி வெட்டு காற்றில் போயிற்று. வெள்ளை ரோமம் அவள் கைக்குட்டைக்குள் விழுந்தது. அடியில் தோல் கருப்பாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். வெள்ளை போயே போய்விட்டது. கைக்குட்டையை முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ரிப்பன் இல்லாம இக்கா இவளை நிக்க விடமாட்டார்" என்றாள்.

சொந்தத் தம்பி என்றும் பாராமல் படகை மறுபடி கட்டவைத்து இறக்கியவள். அவள் எங்களுக்காக, கிணற்றடியில் நிற்கிற குட்டைப் பசுவுக்காக, தன் பாடில்லாவை உடைத்துப் பையில் முடிந்துகொண்டாள். எனக்காக இத்தனை பெரிய ஒன்றை யாரும் செய்ததில்லை என்று அந்தக் குழாயடியில் நினைத்தேன். கண் நிறைந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டேன்.

நடுவராக வந்தவர் ஒரு வயதான கால்நடை டாக்டர். தொப்பி வைத்த ஒல்லி மனிதர். வரிசையில் ஒவ்வொரு பசுவாக வந்தார். கண் எங்கோ வேடிக்கை பார்க்கும், கை மட்டும் பசுவின் மேல் நடக்கும். அவருக்குப் பக்கத்தில் மைக்கோடு சேச்சி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். இவர் வேலிக்கு வெளியே. அவர் கை கட்டனின் முதுகில் போயிற்று, நெஞ்சில் இறங்கிற்று, கழுத்தில் வந்து நின்றது. பெருவிரலால் ரோமத்தின் ஒழுக்குக்கு எதிராகத் தேய்த்துப் பார்த்தார்.

"இங்க கத்தரி பட்டிருக்கு" என்றார். "யாரு வெட்டினது?"

கயிறு என் கையில் இருந்ததால் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சேச்சியைப் பார்த்தேன். காட்டிக்கொடுக்கப் பார்க்கவில்லை. அவள் வாய் இதோ திறக்கும், அவள்தான் சொல்ல வேண்டும், அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிடக் கூடாது என்று காத்துக்கொண்டு பார்த்தேன். சேச்சி கட்டனின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ராவி வைத்த குளம்பு, பளிச்சென்று இருந்தது.

டாக்டர் குனிந்து எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "கயித்துப் புண். ஆறினா அந்த இடத்துல வெள்ளை ரோமம்தான் வரும். அதை இனக்குறையா யாரும் எடுக்கிறதில்ல. வெட்டாம விட்டிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்." அவருக்கும் வருத்தம்தான். நல்ல பசு என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. நிமிர்ந்து சேச்சியிடம், "இனி என்ன செய்யிறது? விதியைச் சொல்லுங்க" என்றார்.

இந்த இடத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் அவள் அழுகிறாள். ஒன்றில் மைக் பழுதாகிவிடுகிறது. நடந்தது இதுதான்: அவள் மைக்கை வாய்க்கு உயர்த்தினாள். கிணற்றடியில் எனக்குச் சொன்ன அதே குரல், ஒரு இழை கூடக் குறையாமல், மைதானம் முழுக்கப் பரவியது.

"நாட்டினப் பசுக்களின் உடம்பில் எங்கும் கத்தரி படப் பாடில்லா. பட்ட பசுவை வரிசையிலிருந்து மாற்றணும். உடமஸ்தர் தயவு செய்து பசுவை வெளியே கொண்டுபோகணும்."

உடமஸ்தர் என்றால் உரிமையாளர். நான்தான். மோளே போய் உடமஸ்தர் வந்துவிட்டது.

வேலியோரம் யாரோ ஒருவன் சொன்னான்: "பாண்டிக்காரி பசுவுக்கு பியூட்டி பார்லர் நடத்துறா போல." பாண்டி என்றால் இங்கே தமிழர்களுக்குக் கேலிப் பெயர். எல்லாரும் சிரித்தார்கள். சேச்சிக்கும் அது கேட்டது. கேட்டதை நான் பார்த்தேன். அவள் அடுத்த பசுவுக்கு நகர்ந்தாள்.

வெளியே வந்ததும் இவர் கேட்டார்: "நீயா வெட்டுன?"

"இல்ல."

"பின்ன?"

நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். வாளியும் கையுமாக மைக் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு "ஓ" என்றார். அவ்வளவுதான். வீடு வரும்வரை கட்டனிடம் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் சேச்சி கிணற்றடிக்கு வந்தாள். தேங்காய் நார் கையில். செருப்பை நேராக்கினாள். கட்டன் எழுந்து நின்றது. அதற்கு என்ன தெரியும். கழுத்தில் வெட்டின இடத்தை மட்டும் தொடாமல் சுற்றித் தேய்த்தாள். தவிடு கொஞ்சம் குறைக்கணும் என்றாள், மழை மறுபடி வரும்போல என்றாள். நான் வாசலில் நின்று "ம்" கொட்டினேன். ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் சாயா போட்டுக் கொடுத்திருப்பேன். டம்ளரைத் தரையில் வைக்காமல் கையிலேயே வைத்துக் குடித்திருப்பாள்.

இக்கா தன் சொல்லை மாற்றவில்லை. அவரிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மனம் மாறியிருக்குமா, தெரியாது. சொல்லிப் பார்த்திருக்கலாம்.

சுள்ளிக்கல்லுக்கு மாறி வெகு நாள் கழித்து அவளுடைய தம்பி எங்கள் கடைக்கு வந்தார். தலை நரைத்த, நல்ல மாதிரி மனிதர். வெண்டைக்காயின் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்துப் பொறுக்கினார். பேச்சு எப்படியோ படகுக்குப் போயிற்று.

"பலகாரப் பெட்டியோட இறங்கினீங்களாமே" என்றேன்.

"ஆமா, வேட்டியெல்லாம் சேறு" என்று சிரித்தார். "ஆனா டிக்கெட் எடுக்காம நான் ஏறல. ஜன்னலுக்குத்தான் போனேன். பெரிய வரிசை. 'நீ போய் ஏறிக்கோ, நான் பார்த்துக்கிறேன்'னு சேச்சிதான் சொன்னா. ஏறி உட்கார்ந்த பிறகு மேலதிகாரி துறைக்கு வந்துட்டார். அவரைக் கண்டதும் அவ வெளியே வந்து படகை நிறுத்திட்டா."

"நீங்க அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"என் சேச்சியாச்சே" என்றார். வெண்டைக்காயை என்னிடம் நீட்டினார். எடை போட்டேன். தராசு முள் நிற்கிறவரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிரித்தபடி அவள் அந்தக் கதையைச் சொன்ன சாயங்காலம், அந்தச் சிரிப்பு, அதில் எது உண்மை என்று இன்றைக்கும் பிரித்துப் பார்க்கிறேன். திரிதிரியாக ஒட்டிக்கிடக்கிறது. வெட்டாமல் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

அதற்கெல்லாம் முன்பு, மட்டாஞ்சேரியில் இருக்கும்போதே, கட்டனைக் கும்பளம் என்ற ஊரில் ஒருவர் எடுத்துக்கொண்டார். தோட்டம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, நல்ல மனிதர், எல்லாம் சொன்னார்கள். வேன் சந்துக்குள் வராது என்பதால் பஜார் முனைவரை நடத்திக் கூட்டிப்போனோம். இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். இஞ்சிக் கிடங்கு, மிளகு மண்டி, புதிதாக வந்த காபிக்கடை. ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று போட்டோ எடுத்தாள். கட்டன் ஒவ்வொரு வாசலிலும் நின்று முகர்ந்து வந்தது, ஊர்வலம் போகிற மாதிரி. வேனில் ஏறத்தான் மறுத்தது. இவர் முன்னங்காலைத் தூக்கி வைத்துத் தோளால் முட்டி ஏற்றினார். பிறகு கும்பளம் வரைக்கும் தானும் போய்வருகிறேன் என்று அதன் பக்கத்திலேயே ஏறிக்கொண்டார்.

வேன் திரும்பிப் போன பிறகு பார்த்தால் சேச்சி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற சேலை, தோளில் கைப்பை. எவ்வளவு நேரமாக நின்றாளோ. கண் சிவந்திருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. அவளுக்கும் அது போகிற பசுதான். நாங்களும் அந்த மாதத்தோடு வீட்டைக் காலி செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். இக்கா வாசலைத் தாண்டி வந்து, கட்டன் இல்லாத கிணற்றடியைப் பார்க்க என்னால் முடியாது என்று இவரிடம் சொல்லியிருந்தேன்.

படகுத்துறையில் சங்கு ஊதியது. அவள் போக வேண்டிய நேரம். போகவில்லை. நானும் போகவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

"சேச்சி, ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. கைப்பையின் வாரைச் சரி செய்தாள். என் தோளில் ஒட்டியிருந்த கட்டனின் ரோமம் ஒன்றை எடுத்துக் கீழே போட்டாள். பிறகு, டிக்கெட் ஜன்னலில் சில்லறையைத் திருப்பிக் கொடுக்கிற நிதானத்தோடு சொன்னாள்:

"நீயும் அங்கதானே நின்ன மோளே. நீ என்னைக் கை காட்டியிருந்தா, நான் இல்லேன்னு சொல்லியிருக்க மாட்டேன்."